‘மிடில்மார்ச்’ கூட்டு வாசிப்பு: தொடங்கும் முன் பேசித் தீர்க்க வேண்டியவை

திண்ணைவாசி (இழையைத் தொடங்கியவர்)

அடுத்து எந்த நாவலைச் சேர்ந்து படிப்பது என்ற வாக்கெடுப்பு முடிந்தது. டிக்கன்ஸின் ‘ப்ளீக் ஹவுஸ்’ கடைசி நாள் வரை விடாமல் துரத்தியும் ஜார்ஜ் எலியட்டின் (ஆண் பெயரில் எழுதிய பெண்) ‘மிடில்மார்ச்’தான் ஜெயித்திருக்கிறது. டிக்கன்ஸ் கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த சுற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய நாவல். ஒரு முன்னுரை, 86 அத்தியாயங்கள், ஒரு முடிவுரை. ஆங்கிலத்தில் மூன்று லட்சம் சொற்களுக்கு மேல். பெரும்பாலான பதிப்புகளில் எண்ணூறு பக்கத்துக்குக் குறையாது. தனியாக உட்கார்ந்து முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வணக்கம். மற்றவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு.

என் யோசனை இது. நாவல் முதலில் எப்படி வந்ததோ அப்படியே நாமும் படிப்போம். 1871 டிசம்பரில் தொடங்கி 1872 டிசம்பர் வரை எட்டுப் பகுதிகளாக, எடின்பரோவின் ப்ளாக்வுட் நிறுவனம் இதை வெளியிட்டது. இரண்டு மாதத்துக்கு ஒரு பகுதி என்று போய், கடைசி இரண்டும் அடுத்தடுத்த மாதங்களில் வந்தன. ஒரு பகுதி 5 ஷில்லிங். அந்தக் காலத்தில் நாவல் என்றால் மூன்று தொகுதி, விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். அதனால் வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்தவர்களே அதிகம். இந்தக் கதை மூன்று தொகுதிக்குள் அடங்காது என்று தெரிந்ததும், எலியட்டின் துணைவர் ஜார்ஜ் ஹென்றி லூயிஸ்தான் இப்படிப் பிரித்து விடலாம் என்று பதிப்பாளருக்கு யோசனை சொன்னார்.

அன்றைய வாசகர்களுக்கு ஒரு வருஷம் பிடித்தது. நாமும் ஒரு வருஷம் எடுத்துக்கொண்டால் என்ன? வேகம், பதிப்பு, முன்கூட்டியே என்ன தெரிந்திருக்க வேண்டும், கதையை உடைக்காமல் எப்படிப் பேசுவது என்று எல்லாவற்றையும் இங்கேயே பேசிவிடலாம். நாவலுக்குள் போன பிறகு விதிமுறை பேசினால் நாவல் நின்றுவிடும்.

சுடுகாபி

ஒரு வருஷமெல்லாம் நடக்காது சார். இந்த மன்றத்தில் மூன்று மாதம் தாண்டி உயிரோடு இருந்த இழை ஒன்றைக் காட்டுங்கள். வாரத்துக்கு ஒரு பகுதி, எட்டு வாரம், முடித்துவிட்டு ‘ப்ளீக் ஹவுஸ்’ எடுப்போம். (ஆமாம், நான் டிக்கன்ஸ் கட்சிதான்.)

தாமிரபரணி வாசகி

சுடுகாபி, வாரத்துக்கு ஒரு பகுதி என்றால் வாரத்துக்கு நூறு பக்கம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது படிப்பு இல்லை, வட்டி கட்டுவது. இரண்டு வாரம் பின்தங்கியவர் மூன்றாவது வாரம் இழைப்பக்கமே வர மாட்டார். கூட்டு வாசிப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் படுத்துவிடுகின்றன. நாவல் கஷ்டம் என்று யாரும் போவதில்லை, பின்தங்கிவிட்ட கூச்சத்தில் போகிறார்கள்.

அதே சமயம், திண்ணைவாசி சார் சொல்லும் ஒரு வருஷமும் அதிகம். இரண்டு மாத இடைவெளியில் யார் யாருக்கு என்ன உறவு என்பதே மறந்துபோகும். 1872இல் படித்தவர்களுக்கு அந்தக் கவலை குறைவு. வீட்டில் சத்தமாகப் படித்தார்கள், அடுத்த பகுதி வரும்வரை அதையே பேசினார்கள். ‘ஸ்பெக்டேட்டர்’ இதழ் ஒவ்வொரு பகுதி வந்ததும் அதுவரையிலான கதையை வைத்தே விமர்சனம் எழுதியது. இன்னொன்று, முதல் பகுதி கடைக்கு வந்தபோது எலியட் நாவலை எழுதி முடித்திருக்கவில்லை. 1872 இலையுதிர் காலத்தில்தான் முடித்தார். முடிவு தெரியாத வாசகர்களுக்கு, முடிவை எழுதிக்கொண்டே பகுதிகளைக் கொடுத்த நாவல் இது. நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துக் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்து வைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த ருசி புதிதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டுப் பகுதிகளும் ஒரே அளவில் இல்லை. முதல் பகுதி 12 அத்தியாயம், பிறகு 10, 11, 9, 11, 9, 9. கடைசிப் பகுதிக்கு 15 அத்தியாயமும் முடிவுரையும். வாரத்துக்கு மூன்று அத்தியாயம் என்று வைத்தால் 30 வாரம். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் புது வாசிப்பு இல்லாத ஒரு வாரம் விடுவோம், அப்படி 7 வாரம். மொத்தம் 37. அந்த ஓய்வு வாரம்தான் முக்கியம். பின்தங்கியவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள், முன்னால் இருப்பவர்கள் சண்டை போடுவார்கள்.

ராப்பறவை

இந்த இழை போகிற போக்கைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. நாவலில் கசாபன் என்று ஒரு பாதிரியார் வருவார். இரண்டாம் அத்தியாயத்திலேயே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பார், எனவே கதையை உடைத்துவிட்டேன் என்று யாரும் கொடி பிடிக்க வேண்டாம். உலகத்துப் புராணங்களுக்கெல்லாம் ஒரே திறவுகோலைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லி ஆண்டுக்கணக்கில் குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பவர். குறிப்பேடுகள் அலமாரி அலமாரியாக நிறையும். நூலைத்தான் காணோம்.

அவரைப் பற்றிய நாவலைப் படிப்பதற்கே நாம் பின்னணி, காலவரிசை, வரைபடம், பாத்திரப் பட்டியல் என்று தயாரிப்பில் இறங்கினால், எலியட் எங்கேயோ இருந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். என் ஓட்டு: தயாரிப்பே வேண்டாம். முதல் பக்கத்தைத் திறங்கள். புரியாதது புரியாமல் இருக்கட்டும். பத்து அத்தியாயம் போனால் அதுவே வழிக்கு வரும்.

மானிப்பாய் மாஸ்டர்

தம்பி ராப்பறவை, கசாபன் ஐயாவை நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் அவர் நிறையப் படித்ததில் குற்றமில்லை. படிக்க வேண்டியதைப் படிக்கவில்லை என்பதுதான் அவர் வழக்கு, அது எப்படி என்று இரண்டாம் பகுதியில் விளங்கும். கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நகைச்சுவை கூடும். நான் நாலு விஷயம் மட்டும் சொல்கிறேன், மிச்சத்தை நாவலே சொல்லும்.

முதலாவது காலம். கதை நடப்பது 1829 முதல் 1832 வரை. எழுதப்பட்டது 1869 முதல் 1872 வரை. அதாவது எலியட் ஏறக்குறைய நாற்பது வருடம் பின்னால் திரும்பிப் பார்க்கிறார். நாங்கள் இன்று 1980களின் நடுப்பகுதியைப் பற்றி நாவல் எழுதினால் எப்படியோ அப்படி. அன்றைய வாசகர்களில் வயதானவர்களுக்கு அது நினைவு, இளையவர்களுக்கு அது சரித்திரம். எழுத்தாளருக்குத் தெரிந்த முடிவுகள் பாத்திரங்களுக்குத் தெரியாது. அந்த இடைவெளியில்தான் பாதி நகைச்சுவை இருக்கிறது.

இரண்டாவது, தேர்தல் சீர்திருத்தம். அப்போது மான்செஸ்டர், பர்மிங்ஹாம் போன்ற பெருநகரங்களுக்குத் தனியாக ஒரு எம்.பி. கூடக் கிடையாது. ஓல்டு சாரம் என்ற, ஆளே இல்லாத மேட்டுக்கு இரண்டு எம்.பி. இதை மாற்ற வந்த மசோதாவை 1831 அக்டோபரில் பிரபுக்கள் சபை தோற்கடித்தது. பிரிஸ்டலிலும் நாட்டிங்ஹாமிலும் கலவரம். 1832 ஜூனில் சட்டமானது. நாவலில் இந்தச் செய்திகள் முழங்கிக்கொண்டு வரமாட்டா. சாப்பாட்டு மேசையில், கடைத்தெருவில், யாரோ யாரையோ குத்திக்காட்டும்போது காதில் விழும். அதனால் ‘சீர்திருத்தம்’ என்ற பேச்சு வந்தால் இதுதான் என்று நினைவில் வைத்தால் போதும். ரயில் பாதையும் அந்நாட்களில்தான் ஊர்ப்பக்கம் எட்டிப்பார்க்கிறது. லிவர்பூல்–மான்செஸ்டர் பாதை 1830 செப்டம்பரில் திறந்தார்கள்.

மூன்றாவது, வைத்தியம். லிட்கேட் என்ற இளம் வைத்தியர் ஊருக்கு வருகிறார். லண்டன், எடின்பரோ, பாரிஸ் மூன்றிலும் படித்தவர். அந்தக் காலத்தில் வைத்தியர்களுக்குள் படிநிலை இருந்தது. மேலே பட்டம் பெற்ற ஃபிஸிஷியன், அவரை ‘டாக்டர்’ என்பார்கள். கீழே சர்ஜனும், மருந்து கலந்து கொடுக்கும் அபோதிகரியும், அவர்கள் வெறும் ‘மிஸ்டர்’. அதனால்தான் நாவல் முழுக்க மிஸ்டர் லிட்கேட். ஸ்ப்ரேக்கும் மின்ச்சினும்தான் டாக்டர்கள். சாதாரண ஊர் வைத்தியருக்கு வருமானம் மருந்து விற்பதில் வந்தது. வந்து இறங்கிய புதியவர் நான் மருந்து விற்கமாட்டேன் என்கிறார். மற்றவர்கள் வயிற்றில் அடிக்கிற பேச்சு அது. அவர் கையில் ஸ்டெதாஸ்கோப் வேறு, பாரிஸில் லெனெக் 1816இல் கண்டுபிடித்த கருவி. ஊர் வைத்தியர்களுக்கு அதுவும் பிடிக்காது.

நாலாவது, சபைப் பதவி. ஒரு திருச்சபைப் பங்கு என்பது அங்கே உத்தியோகம் மாதிரி. அதை யாருக்குக் கொடுப்பது என்பது பல இடங்களில் நிலக்கிழார் கையில். பதவி ஒருவருக்கு, வேலை பார்ப்பது சம்பளத்துக்கு அமர்த்திய உதவிப் பாதிரியார் என்பதும் சகஜம். கசாபனுக்கும் அப்படி ஒருவர் இருக்கிறார். கசாபனுக்கோ தமையன் இறந்ததால் வந்த சொத்தும் உண்டு. எனவே ‘பாதிரியார்’ என்றதும் ஏழை ஊழியர் என்று நினைக்க வேண்டாம்.

சுடுகாபி

மாஸ்டர், இது நாலு விஷயமா? ஆனாலும் டாக்டர்–மிஸ்டர் விஷயம் அருமை. நான் அது ஏதோ எலியட்டுக்கு அவர் மேல் கோபம் என்று நினைத்திருப்பேன்.

தாமிரபரணி வாசகி

மாஸ்டர் ஐயா பணத்தை விட்டுவிட்டார். இந்த நாவலில் காதலைவிடப் பணம்தான் அதிகம் பேசும், அதுவும் பவுண்டு கணக்கில்.

முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடும்: கதாநாயகி டொரோதியாவுக்கும் அவள் தங்கை சீலியாவுக்கும் பெற்றோர் வைத்துவிட்டுப் போனது, ஆண்டுக்கு ஆளுக்கு 700 பவுண்டு. இது வசதியான தொகை. டொரோதியாவுக்கு மகன் பிறந்தால் சித்தப்பா ப்ரூக்கின் நிலமும் அந்தப் பையனுக்குப் போகும், அது ஆண்டுக்கு சுமார் 3,000 பவுண்டு வருமானம் என்று பேச்சு. இதை ஒரு பக்கம் வையுங்கள். மறுபக்கம் ஊர் மருத்துவமனையில் பாதிரியார் பொறுப்புக்கு ஆண்டுக்கு 40 பவுண்டு. அந்த நாற்பதுக்கு ஒரு வாக்கெடுப்பு, ஊரே இரண்டாகப் பிரியும். ஃப்ரெட் என்ற பையன் வாங்கும் கடன் 160 பவுண்டு. எழுநூறு பவுண்டில் வாழ்பவர்களுக்கு அது சில்லறை, ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் வீட்டுக்கு அது இடி. எண்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. யாருக்கு எவ்வளவு வருமானம் என்று புத்தகத்தின் கடைசி வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். பாத்திரங்களின் குணத்தைவிட அது சீக்கிரம் புரியும்.

இன்னொன்று, கல்யாணமான பெண்ணின் கையிருப்புச் சொத்து அன்றைய சட்டப்படி கணவனுடையதாகிவிடும். தன் சம்பாத்தியத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை 1870இல் வந்தது, முழுச் சொத்துரிமை 1882இல். நாவல் வெளிவந்த காலம் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. பணக்காரக் குடும்பங்கள் கல்யாணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதி இதற்கு வழி பண்ணிக்கொண்டன. ஒப்பந்தம், உயில் என்று பேச்சு வரும்போது தூங்கிவிடாதீர்கள்.

புதியவள்

எல்லோருக்கும் வணக்கம். நான் இந்த மன்றத்துக்குப் புதிது. பள்ளியில் தமிழ்வழிப் படிப்பு. ஆங்கில நாவல் படிக்கிறேன், ஆனால் த்ரில்லர்தான். நேற்று இதன் முன்னுரையைத் திறந்தேன். ஏதோ ஒரு புனிதர், பிறகு அன்னப்பறவை, வாத்துக்குஞ்சு... ஒரு பக்கத்துக்குள் மூச்சு வாங்கிவிட்டது. எனக்கு இது சரிப்படுமா? உண்மையைச் சொல்லுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

ராப்பறவை

சரிப்படும். அந்த முன்னுரைதான் புத்தகத்திலேயே இறுக்கமான பக்கம். 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் துறவு மடங்களைச் சீர்திருத்திய அவிலா தெரசாவைப் பற்றியது. பெரிய காரியம் செய்யும் மனசு ஒருத்திக்கு இருந்து, அதற்கான காலமும் இடமும் அமையாவிட்டால் அவள் என்ன ஆவாள் என்று எலியட் கேட்கிறார். அவ்வளவுதான். நேராக முதல் அத்தியாயத்துக்குப் போங்கள். அக்காவும் தங்கையும் அம்மாவின் நகைப்பெட்டியைத் திறந்து பங்கு பிரிப்பார்கள். நகை வேண்டாம் என்று உயர்வாகப் பேசும் அக்கா, ஒரு மரகத மோதிரத்தைப் பார்த்ததும் என்ன செய்கிறாள் என்று பாருங்கள். அது புரிந்தால் நாவல் உங்களுக்குப் புரிந்துவிட்டது. முன்னுரையைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

மானிப்பாய் மாஸ்டர்

பிள்ளை, ஒன்று சொல்கிறேன். இவருடைய நீண்ட வாக்கியத்தில் பயனிலை எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடியுங்கள், மற்றதெல்லாம் அதைச் சுற்றி நிற்கும். அதற்கும் பிடிபடவில்லையா, வாய்விட்டுப் படியுங்கள். கேட்பதற்கென்றே அமைந்த நடை. ஒலிநூல் கிடைக்கிறது, லிப்ரிவாக்ஸில் இலவசமாகவே உண்டு. காதில் ஒலிநூல், கண்ணில் புத்தகம் என்று வைத்துப் பாருங்கள். வாசிப்பவரின் குரலே எது கிண்டல், எது அனுதாபம் என்று காட்டிக்கொடுக்கும். முழுதும் கேட்க முப்பத்தைந்து மணி நேரம்போல ஆகும். முப்பது வாரத்துக்குப் பிரித்தால் கிழமைக்கு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல். அவ்வளவுதான் இந்த மலை.

தாமிரபரணி வாசகி

புதியவளுக்கு இன்னும் ஒன்று. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ஒரு மேற்கோள் இருக்கும். சிலது இத்தாலியன், சிலது ஸ்பானிஷ், சிலது ஜெர்மன். அங்கே முட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். பெயர் போடாத மேற்கோள்களை எலியட்டே எழுதிச் செருகியிருக்கிறார். முதல் வாசிப்பில் தாண்டிப் போகலாம், அத்தியாயம் முடிந்து திரும்பிப் பார்த்தால் சிலது பளிச்சென்று இருக்கும்.

அப்புறம் அழைக்கும் முறை. வீட்டில் மூத்த மகள் மட்டும்தான் ‘மிஸ் ப்ரூக்’. இளையவள் ‘மிஸ் சீலியா’. முதல் பகுதிக்கு ‘மிஸ் ப்ரூக்’ என்று தலைப்பு வைத்திருப்பதன் பொருள் டொரோதியா. ‘மிஸ்டர் ப்ரூக்’ என்றால் சித்தப்பா. அவரை அடையாளம் காண்பது சுலபம். எந்த விஷயம் எடுத்தாலும் ‘நானும் ஒரு காலத்தில் அதில் நிறைய இறங்கினேன், ஆனால் அளவுக்கு மேல் போகக்கூடாது பாருங்கள்’ என்ற தோரணையில் ஆரம்பித்து, எங்கேயும் போய்ச் சேராமல் முடிப்பார். எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார்.

மிட்லண்ட்ஸ் மழை

நான் எலியட் வளர்ந்த பகுதியான நனீட்டனிலிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் போகிற தூரத்தில் இருக்கிறேன். வேலைக்காக வந்த ஊர், எலியட்டுக்காக இல்லை. ஆனால் கடைத்தெருவில் நடந்தால் அவர் வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருப்பார். மேரி ஆன் எவன்ஸ் என்பதுதான் இயற்பெயர், 1819 நவம்பர் 22 பிறந்த நாள். அப்பா ராபர்ட் எவன்ஸ், ஆர்பரி என்ற பெரிய எஸ்டேட்டில் நிலங்களை நிர்வகித்தவர். நாவலில் கேலப் கார்த் என்று ஒருவர் வருவார். நிலம், வேலி, கட்டடம், குத்தகை என்று வேலையையே வழிபாடாக நினைப்பவர். அவரைப் படிக்கும்போது அந்த அப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் குடியிருந்த க்ரிஃப் ஹவுஸ் இன்று உணவகமும் தங்கும் விடுதியும். சாலையில் லாரிகள் ஓயாமல் போகும். அங்கே போய் ஏதாவது உணர்ச்சிவசப்படலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான், சாப்பாடு பரவாயில்லை.

1841இல் அப்பாவுடன் கவென்ட்ரி பக்கம் குடிபோனார். மிடில்மார்ச் என்ற கற்பனை ஊருக்கு கவென்ட்ரிதான் அடிப்படை என்பார்கள். ஆனால் கவென்ட்ரியைத் தேடி இங்கே வராதீர்கள். 1940 குண்டுவீச்சில் பழைய நகரம் பெரும்பகுதி போய்விட்டது. 1994இல் பிபிசி இதைத் தொடராக எடுத்தபோது லிங்கன்ஷையரில் உள்ள ஸ்டாம்ஃபோர்டில்தான் படமாக்கினார்கள். கல் வீடுகள், குறுகிய தெருக்கள் எல்லாம் அங்கே அப்படியே இருக்கின்றன. ஆறு பகுதித் தொடர். முதலில் பார்த்துவிட்டுப் படிக்கலாமா என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம்.

சுடுகாபி

அதைத்தான் கேட்க வந்தேன்.

திண்ணைவாசி

பார்ப்பது உங்கள் விருப்பம், ஆனால் இழையில் அதைப் பற்றிப் பேச்சு கடைசிப் பகுதி முடிந்த பிறகுதான். கதையை உடைப்பது பற்றியும் இதோடு முடித்துவிடலாம். 150 வருஷப் பழைய நாவல், இதில் என்ன ரகசியம் என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார். முதல் முறை படிப்பவருக்கு அது இன்று வந்த நாவல்தான். நடந்துகொண்டிருக்கும் வாரத்தைத் தாண்டி ஒரு வரியும் கூடாது. ‘பொறுத்திருந்து பாருங்கள்’ என்று கண்ணடிக்கும் பதிவுகளும் கூடாது, அவை இன்னும் மோசம்.

பதிப்பு விஷயம்: குட்டன்பர்க் தளத்தில் இலவசமாக இருக்கிறது, போதும். காசு கொடுத்து வாங்குகிறவர்கள் பெங்குவின் க்ளாசிக்ஸ் அல்லது ஆக்ஸ்ஃபோர்டு வாங்கலாம். குறிப்புகள் பின்னால் இருக்கும், உதவும். முன்னால் இருக்கும் பேராசிரியர் முன்னுரையை மட்டும் கிளிப் போட்டு மூடிவிடுங்கள். அது படித்து முடித்தவர்களுக்கு எழுதியது, யார் சாகிறார், யார் யாரைக் கட்டிக்கொள்கிறார் என்று மூன்றாம் பக்கத்திலேயே சொல்லிவிடும்.

ராப்பறவை

முன்னுரையை விடுங்கள், பொருளடக்கமே உடைத்துவிடும். எட்டுப் பகுதிக்கும் தலைப்பு இருக்கிறது. ஆறாவது பகுதியின் தலைப்பைப் பார்த்தால் ஒரு பெரிய விஷயம் தெரிந்துபோகும். என்ன தலைப்பு என்று நான் சொல்லப்போவதில்லை. பொருளடக்கத்தையும் சேர்த்துக் கிளிப் போடுங்கள்.

தயாரிப்பே வேண்டாம் என்று சொன்னவன் நான், இருந்தாலும் ஒரே ஒரு எச்சரிக்கை கொடுத்துவிடுகிறேன். பலர் கழன்றுகொள்ளும் இடம் எனக்குத் தெரியும். முதல் பத்து அத்தியாயம் டொரோதியாவின் கதை. அவள் கல்யாணம் என்ன ஆகுமோ என்று நமக்குப் பதைப்பு ஏறியிருக்கும். பதினோராம் அத்தியாயத்தில் திடீரென்று வேறு குடும்பம், வேறு சாப்பாட்டு மேசை, வேறு பெண். வின்சி வீட்டு ரோஸமண்டும் அவள் அண்ணன் ஃப்ரெட்டும். டொரோதியாவைக் காணோம். ‘நான் வேறு புத்தகத்தைத் திறந்துவிட்டேனா’ என்று தோன்றும்.

தோன்றுவதில் நியாயம் இருக்கிறது. இவை முதலில் இரண்டு தனிக் கதைகள். 1869இல் எலியட் தொடங்கியது லிட்கேட்டும் வின்சி குடும்பமும் உள்ள ஊர்க்கதை. அது ஓடவில்லை. 1870 கடைசியில் ‘மிஸ் ப்ரூக்’ என்று வேறொரு கதையை எழுத ஆரம்பித்தார். அது சரசரவென்று வந்தது. பிறகுதான் இரண்டும் ஒரே நாவல் என்று அவருக்குத் தெரிந்தது. தையல் போட்ட இடம் பத்து, பதினொன்றாம் அத்தியாயங்கள். தையல் தெரிகிறது என்று சிலர் குறை சொல்வார்கள். எனக்கு அந்த இடம் பிடிக்கும். ஒருத்தியைப் பற்றிய கதை ஒரு ஊரைப் பற்றிய கதையாக மாறுவதை அங்கே கண்ணால் பார்க்கலாம். அதனால் பதினொன்று, பன்னிரண்டை ஒரே மூச்சில் படியுங்கள். நடுவில் நிறுத்தினால் திரும்ப எடுக்க மாட்டீர்கள்.

மிட்லண்ட்ஸ் மழை

இதற்கு மேல் ஒரு வரி: யாரைப் பிடிக்கிறது, யாரைப் பிடிக்கவில்லை என்று முதல் பகுதியில் ஒரு கருத்து வைத்திருப்பீர்கள் இல்லையா, அதை எழுதிவையுங்கள். 29ஆம் அத்தியாயத்தின் முதல் வாக்கியத்தில் எலியட் பாதியில் நிறுத்தி உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார். அங்கே போகும்வரை தாக்குப்பிடித்தால் அப்புறம் யாரும் விடமாட்டார்கள்.

திண்ணைவாசி

கண்ணடிக்கும் பதிவு கூடாது என்று இப்போதுதான் சொன்னேன்.

மிட்லண்ட்ஸ் மழை

மன்னிக்கவும் சார், இது கடைசி.

மானிப்பாய் மாஸ்டர்

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு, பதிந்துவிடுகிறேன். வாசகி அம்மா சொன்ன 37 வாரம் சரி. ஆனால் கிழமைக்கு மூன்று அத்தியாயம் என்று எல்லா இடத்திலும் ஒரே அளவாக வெட்ட வேண்டுமா? அத்தியாயங்கள் ஒரே நீளமில்லை. 19, 20, 21, 22 நான்கும் ரோமில் நடப்பவை. அவற்றைப் பிரித்தால் கதையின் மூச்சு அறும். 20ஆம் அத்தியாயத்தைப் படித்த சூட்டோடு அடுத்ததைப் படிக்க வேண்டும். கடைசிப் பகுதியிலும் அப்படி ஓர் இரவும் மறுநாள் காலையும் உண்டு, இலக்கம் சொல்லமாட்டேன்.

தாமிரபரணி வாசகி

நியாயம் ஐயா. அப்படியானால் இரண்டாம் பகுதியை 13–15, 16–18, 19–22 என்று மூன்று வாரமாகப் போடலாம். ஒரு வாரம் மிச்சம், மொத்தம் 36. கடைசிப் பகுதியை அங்கே போனதும் பார்ப்போம். 15ஆம் அத்தியாயம் தனியாகவே நீளம், லிட்கேட்டின் முழு முன்கதையும் அதில்தான். 13–15 வாரத்தில் வேறு வேலை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

புதியவள்

முதல் அத்தியாயம் படித்துவிட்டேன். நகைப்பெட்டி வரை எங்கேயும் முட்டவில்லை! நடுவில் ஆங்காங்கே மதம் சார்ந்த ஆட்கள் பெயர் வந்தது, ராப்பறவை சொன்ன மாதிரி புரியாமலே விட்டுவிட்டேன். ஒரு சந்தேகம்: சீலியா அப்பாவியா, இல்லை அப்பாவி மாதிரி இருக்கிறாளா?

ராப்பறவை

வந்துவிட்டது பாருங்கள் முதல் நல்ல கேள்வி.

சுடுகாபி

அவள்தான் அந்த வீட்டில் கண்ணைத் திறந்து வைத்திருப்பவள். நான் நேற்று ராத்திரி சும்மா பார்க்கலாம் என்று திறந்து நாலாம் அத்தியாயம் வரை வந்துவிட்டேன், நான் சீலியா கட்சி. அவளும் அக்காவும் வண்டியில் வரும்போது ஒன்று சொல்வாள் பாருங்கள்

திண்ணைவாசி

சுடுகாபி, நிறுத்துங்கள். நாலாம் அத்தியாயம் இரண்டாவது வாரம்.

கடைசி முடிவு: வாரத்துக்கு மூன்று அத்தியாயம், ரோம் அத்தியாயங்கள் நான்கும் ஒரே வாரம், பகுதிக்கு நடுவில் ஒரு வாரம் ஓய்வு. முதல் வாரத்துக்கு 1 முதல் 3 வரை, முன்னுரை விருப்பப்பட்டவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை இரவு புது இழை திறப்பேன். வருமானப் பட்டியலை வாசகி பார்த்துக்கொள்கிறார், சட்டம், சபை, வைத்தியம் பற்றிய சந்தேகங்களுக்கு மாஸ்டர். புதியவளின் கேள்வியை அங்கே முதல் பதிவாகப் போடுகிறேன், சீலியா கட்சிக்காரர்கள் அங்கே வந்து வாதாடலாம். இந்த இழையைப் பூட்டுகிறேன்.